கடைசிப் பக்கம் திறக்காத கருத்துக்களம்

நேற்றுக் காலை, தேநீர் ஆறிப்போகும்வரை ஒரு செய்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னொரு காலத்தில் மன்னாரில் நாங்கள் நடத்திய கருத்துக்களத்தின் மென்பொருளை, அதை எழுதியவரே மூலநிரலோடு எல்லாருக்குமாக இணையத்தில் போட்டுவிட்டாராம். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், கேட்கவே வேண்டியதில்லை. இதே நிரலுக்காக நான் கெஞ்சிய கெஞ்சல் எனக்கல்லவா தெரியும்! இரண்டு நிமிடத்தில் இறங்கிவிட்டது. கோப்பைத் திறந்தேன். நம்பினால் நம்புங்கள், கருவாட்டு மணம் அடித்தது.

மணத்துக்குக் காரணம் உண்டு. போன் பேசவும் இணையம் பார்க்கவும் ஆட்கள் வரும் நசீர் நானாவின் கொமினிக்கேசனுக்குப் பக்கத்துக் கடை கருவாட்டுக் கடை. சோளகக் காற்று கிளம்பினால் எங்கள் நான்கு கணினிகளும் அந்த வாசத்தில் ஊறிவிடும். விசைப்பலகைக்குள் உப்பேறி எழுத்துகள் இறுகிப்போகும். நண்பகலில் வாசல் நிழலுக்குக் கழுதைகள் வந்து நின்றுகொள்ளும், வாடிக்கையாளர்கள் அவற்றைத் தள்ளிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும். அங்கே நான்தான் 'கொம்பியூட்டர் தெரிந்த பெடியன்'. ஆறுமாதப் படிப்பும், தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லும் துணிச்சலும்தான் என் மூலதனம்.

நசீர் நானா சிலாவத்துறைக்காரர். இருபது வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டு வந்தவர். முசலிப் பக்கத்துச் சனம் போரில் சிதறிப் புத்தளம், மண்டபம், டோகா, லண்டன் என்று திசைக்கொன்றாகக் கிடந்த காலம் அது. "ஆக்கள் எல்லாரும் ஒரு இடத்தில வந்து கதைக்கிற மாதிரி ஏதாவது செய்யேலுமே தம்பி?" என்று கேட்டார். ஏலும் என்றேன். மலேசியாவில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் பொழுதுபோக்காக எழுதிய கருத்துக்கள மென்பொருள் கிடைத்தது. தமிழில், இலவசமாக. ஒரே குறை, நிரல் பூட்டியிருந்தது. பாவிக்கலாம், அவர் எழுதிய வரிகளைப் பார்க்க முடியாது.

'யாரார் எங்கே' என்று ஒரு தலைப்பைத் திறந்துவைத்தேன். அது ஒன்றுதான் கடைசிவரை ஓடியது. புதுத் தலைப்புத் திறக்கச் சொல்லி எத்தனையோ தரம் எழுதிப் பார்த்தேன், ஒருவரும் கேட்கவில்லை. நானாவே கேட்கவில்லை. "எல்லாரும் இருக்கிற இடத்த விட்டிட்டு ஏன் தனிய போய் நிக்கோணும்?" என்றார். போதாததற்கு ஒவ்வொருவரும் இன்னாரின் மகன், இன்னாரின் பேரன், கோயிலுக்குப் பின்வளவு என்று பரம்பரை முழுவதும் சொன்ன பிறகுதான் விஷயத்துக்கு வருவார்கள். பதில் எழுதுகிறவர் முன்னவர் எழுதியதை முழுதாகத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் எழுதுவார். போடாவிட்டால் மரியாதைக் குறைவாம். மென்பொருளோ ஒவ்வொரு தரமும் முதற் பதிவிலிருந்து எல்லாவற்றையும் ஒரே பக்கமாகக் கொட்டும். எங்கள் இணைய லைனில் அது பாதி வரும்போதே நின்றுவிடும். எழுதுகிற பெட்டி மேலே இருந்ததால் எழுதுவதற்குத் தடையில்லை. எழுதினோம், எழுதினோம், எழுதிக்கொண்டே இருந்தோம். அடியில் என்ன இருக்கிறதென்று மன்னாரில் ஒருவருக்கும் தெரியாது. நிர்வாகி நான், எனக்கும் அதே லைன்தான்.

பிலோமினா அக்கா ஞாயிறு பூசை முடிந்ததும் வருவார். அரிப்பைச் சேர்ந்தவர், மண்டபம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்திருந்தார். தம்பி சேவியர் முகாமில் இருந்தபோதே வேலை தேடிக் கேரளப் பக்கம் போனவர், பிறகு தொடர்பே இல்லை. அக்கா ஊருக்குத் திரும்பியது அவருக்குத் தெரியுமோ தெரியாது. அக்காவுக்காக நானே ஒரு பதிவு எழுதிப் போட்டிருந்தேன். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, "வந்திருக்கே தம்பி?" என்று கேட்பார். பக்கம் பாதியில் நிற்கும். "இன்னும் வரேல்ல அக்கா," என்பேன். பக்கம் வரவில்லை என்று நான் சொன்னதை, தம்பி எழுதவில்லை என்று அவர் விளங்கிக்கொண்டு எழும்பிப் போவார். நானும் திருத்தவில்லை. லைனைத் திட்டுவதோடு என் கடமை முடிந்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

ஒரு ஞாயிறு அவர் முக்காட்டுச் சீலையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனதைப் பார்த்தபின்தான் எனக்குச் சுட்டது. மலேசியாக்காரருக்கு எழுதினேன், நிரலைத் தாருங்கள் என்று. மாட்டேன் என்றார். முன்னொருவருக்குக் கொடுத்தாராம், அவர் இவர் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டு ஊரெல்லாம் விநியோகித்தாராம். அந்தக் காயம் நியாயமானதுதான். திரும்ப எழுதினேன், மூன்றாம் தரமும் எழுதினேன். மூன்றாவது கடிதத்தில் மென்பொருளைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை, அக்காவைப் பற்றி எழுதினேன். இரண்டாம் நாள் நிரல் வந்தது. கூடவே ஒரு வரி: 'இது உங்கள் கையை விட்டுப் போகாது என்று நம்புகிறேன்.' போகாது என்று வாக்குக் கொடுத்தேன்.

திறந்து வாசித்தேன். பதிவுகளை அள்ளிவரும் இடத்தில் அவர் தனக்குத்தானே ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார்: 'ஒரு தலைப்பில் இருநூறு பதிவுக்கு மேல் போனால் இது திணறும். அப்படி யார் எழுதப் போகிறார்கள்?' எங்களிடம் நாலாயிரம் பதிவு இருந்தது. நானும் நானாவும் வயிறு நோகச் சிரித்தோம். இருபது வரிதான் மாற்றினேன். கடைசிப் பதிவு முதலில், ஒரு தரத்துக்கு ஐம்பது மட்டும்.

அடுத்த ஞாயிறு, அக்கா பக்கத்தில் இருக்க, பின்னோக்கிப் பார்த்துக்கொண்டு போனேன். பதிவுகள் பொலபொலவென்று வந்தன. சேவியர் எழுதியிருந்தார், ஏழு மாதத்துக்கு முன்பே. சொந்த அக்காவுக்கு எழுதும்போதும் இன்னாரின் மகன், இன்னாரின் பேரன் என்றுதான் தொடங்கியிருந்தார். கொல்லத்தில் படகு வேலை, சுகமாக இருக்கிறேன், இந்த இலக்கத்துக்கு எடு. அதற்குப் பதிலாக வெளிநாட்டிலிருந்து மூன்று பேர் எழுதியிருந்தார்கள்: 'அக்கா, தம்பி எழுதியிருக்கிறார், பாருங்கோ.' நல்ல லைன் உள்ளவர்கள் எல்லாம் பார்த்திருக்கிறார்கள். சொல்ல வேண்டியதையும் எங்களுக்குத் திறக்காத அந்த அடியிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

கடைப் போனிலேயே எடுத்துக் கொடுத்தேன். "ஏனக்கா இவ்வளவு நாளா எடுக்கேல்ல?" என்று அந்தப் பக்கம் அழுகிற சத்தம் எனக்கே கேட்டது. அக்கா என்னை ஒரு தரம் பார்த்தார். "லைன் சரியில்லையடா," என்றார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அன்று எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

மலேசியாக்காரருக்குக் கொடுத்த வாக்கை அதன்பின் வெறித்தனமாகக் காப்பாற்றினேன். நிரலை மூன்று சீடியில் எழுதி ஒன்றைக் கடை அலுமாரியில் பூட்டினேன், ஒன்றை வீட்டில், மற்றதை அம்மாவின் கூறைச் சேலைக்கு அடியில் வைத்தேன். பிறகு எல்லாருடைய கையிலும் போன் வந்தது, முகநூல் வந்தது, வாட்சப் வந்தது. 'யாரார் எங்கே' மெல்ல வெறிச்சோடியது. நானா கடையை மூடிவிட்டுச் சிலாவத்துறையில் வயலோடு நின்றுவிட்டார். களத்தைத் தன் கணினியில் வைத்திருந்த இணைய நிறுவனம் ஒருநாள் அதை நிறுத்தியது. அறிவித்தல், நான் திறக்காத பழைய மின்னஞ்சலுக்குப் போயிருந்தது.

போன வருடம் சேவியர் கொல்லத்தில் மாரடைப்பால் இறந்துபோனார். அக்கா என்னைத் தேடி வந்தார். "தம்பி, அண்டைக்கு அவன் எழுதினத ஒருக்கா அச்சடிச்சுத் தாறீங்களே? முப்பத்தோராம் நாள் பூசைக்கு வைக்கப் போறன். அதுக்குப் பிறகு போனிலதான் கதைச்சனாங்கள். அவன் கைப்பட எழுதினது அது ஒண்டுதான்."

சீடி மூன்றும் பத்திரமாக இருந்தன. மூன்றிலும் நிரல்தான் இருந்தது. அந்த நாலாயிரம் பதிவில் ஒரு வரியைக்கூட நான் எடுத்து வைக்கவில்லை. உள்ளதைச் சொன்னேன். அக்கா மேசையில் கிடந்த தாளொன்றை என் பக்கம் தள்ளினார். பிறகு, "உங்களுக்கு ஞாபகம் இருக்குமே, அப்பிடியே எழுதித் தாங்கோ," என்றார். இன்னாரின் மகன், இன்னாரின் பேரன், கொல்லம், படகு என்று நினைவில் இருந்ததை எல்லாம் எழுதிக் கொடுத்தேன். விரலை வைத்து வரிவரியாக வாசித்தார்.

"இதில அக்கா எண்டு ஒருக்காத்தான் கிடக்கு," என்றார். "அவன் ரெண்டு தரம் எழுதினவன்."