யாரும் ஸ்டிக்கர் ஒட்டாத கட்டில்

நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்கள் என் வீட்டுக்கு வந்து அந்தக் கட்டிலைப் பார்க்கட்டும். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

நான் வக்கீல் குமாஸ்தா. ஒரு கிழவர் இறந்து மூன்று வாரம். உயில்படி வீடு மூன்று பிள்ளைகளுக்கும் சமம். சாமான்களைப் பிரிக்க வக்கீல் ஒரு வழி சொன்னார். மூத்தவனுக்குச் சிவப்பு ஸ்டிக்கர், மகளுக்கு நீலம், இளையவனுக்குப் பச்சை. முதலில் ஒட்டியவருக்கே பொருள். எண் போட்டுப் பட்டியல் எழுதுவது என் வேலை. ஒன்று விட்டுப்போனாலும் வேலை காலி.

அவர்களெல்லாம் மனிதர்களா? அப்பா படுக்கையில் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவர்கள், மிக்ஸி மூடிக்கு முட்டி மோதினார்கள்.

"கடிகாரம் என்னோடதுடி!"

"ஸ்டிக்கர் எங்கண்ணா? வாயாலயே ஒட்டிடுவியா?"

இளையவன் சத்தமில்லாமல் போய்க் குளியலறைக் குழாயில் பச்சை ஒட்டிவிட்டு வந்தான். தூ! இதுகளும் பிள்ளைகள்!

கிழவரின் கட்டிலை மட்டும் ஒருவரும் தொடவில்லை.

"அதுலதானே செத்தாரு. எங்கயாவது தூக்கிப் போடுங்க" என்றாள் மகள்.

மதியம் 2.10. மூவரும் தண்ணீர்த் தொட்டிக்காக மொட்டை மாடியில் கத்திக்கொண்டிருந்தார்கள். கிழவரின் அறையில் நான் மட்டும். அலமாரி மூலையில் ஒரு பேனா. தங்க முனை. யார் கண்ணிலும் படவில்லை போலும்.

எண் போடவில்லை. சட்டைப் பையில் செருகிக்கொண்டேன். அதுவரை அவர்களைக் காறித் துப்பியவனும் நானேதான்.

க்ரீச்...

ஆள் புரண்டு படுக்கிற சத்தம். திரும்பினேன். கட்டில் காலி. விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

2.12. மறுபடியும்... க்ரீச்...

இப்போது தலையணையில் ஒரு பள்ளம்.

பள்ளம் மெதுவாக ஆழமானது...

யாரோ இருமினார்கள்.

என் காதருகில்.

எப்படி வாசலுக்கு வந்தேன், தெரியாது.

மறுவாரம் மூவரும் ஆபீசுக்கு வந்து பட்டியலில் கையெழுத்துப் போட்டார்கள். வக்கீல் அரக்கு முத்திரை வைத்த ஒரு உறையை எடுத்தார். 'பங்கு பிரித்த பிறகு திறக்கவும்.' கிழவர் இரண்டு வருடத்துக்கு முன் கொடுத்தது. நான் அந்த ஆபீசில் சேர்ந்து நாலே மாதம்தான் ஆகிறது.

வக்கீல் பிரித்துப் பார்த்தார். என் சட்டைப் பையைப் பார்த்தார். பிறகு படித்தார்.

"யாரும் கேட்காத என் கட்டில், என் பேனாவை எடுத்துப்போகும் குமாஸ்தாவுக்கு. அவருக்கு அது சீக்கிரம் தேவைப்படும்."

பேனாவை மேஜைமேல் வைத்தேன். மூவரில் ஒருவரும் அதைத் தொடவில்லை.

"கட்டிலை எப்ப எடுத்துக்குறீங்க?" என்றான் மூத்தவன்.

அன்று மாலையே மூவரும் சேர்ந்து வண்டி பிடித்து அனுப்பிவிட்டார்கள். வாழ்க்கையில் அவர்கள் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அதுதான். வேலையும் போய்விட்டது. அதுகூடப் பரவாயில்லை.

நேற்றிலிருந்து எனக்கு இருமல்.