மேட்டில் கழன்ற கியர்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மோட்டார் பட்டறைக்காரர் இருந்தார். தூக்கம் போதாத கண்கள். முடுக்கிய நட்டை விரலால் இன்னொரு முறை திருகிப் பார்க்காமல் விடமாட்டார். என் பழைய வாடகைக் காரின் கியர் பெட்டியைப் பிரித்துப் புதுப்பித்தவர் அவர்தான். அதன் பிறகும் கிள்ளான் சாலை மேட்டில் இரண்டாவது கியர் கழன்றது. திறந்து திறந்து பார்த்து அவரும் சலித்துப்போனார்.

ஒருநாள் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். பாதி மேட்டில், கியர் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்த என் கையைப் பார்த்து, "கைய எடுங்கண்ணே," என்றார்.

"எடுத்தா கழண்டுரும்."

"முன்ன கியர் பல்லு தேஞ்சிருந்தப்ப பிடிச்சீங்க, சரி. இப்ப நீங்க பிடிக்கிறதுதான் அத வெளிய இழுக்குது."

கையை எடுத்தேன். கியர் கழலாமல் நின்றது. ஆனாலும் மேடு முடியும்வரை அவர் கை கியர் கம்பிக்கு மேலேயே, தொடாமல், காத்திருந்தது.