பதினோராம் கேள்வியின் புள்ளி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வடலண்டனில், பிள்ளைகளுக்கான ஒரு மனநல நிலையத்தில் எனக்குத் தட்டச்சு வேலை. அதை அப்படி நான் யாருக்கும் சொன்னதில்லை. ஸ்ட்ரெதமில் அக்கா வீட்டில் ஓர் அறையில் இருந்தேன். "ஆராய்ச்சிப் பிரிவில்" என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். அக்கா அதைக் கோயிலிலும் மரக்கறிக் கடையிலும் இன்னும் கொஞ்சம் வளர்த்து, "தம்பியைக் கேட்காமல் அந்த டொக்டர்மார் ஒண்டும் செய்யினமில்லை" என்று ஆக்கிவிட்டார். நான் மறுக்கவில்லை. ஐந்து வருடம் பெற்றோல் நிலையத்தில் நின்ற கால்களுக்கு அந்தப் பொய் இதமாக இருந்தது.

அப்போது துருக்கி மொழி பேசும் பதின்வயதுப் பிள்ளைகள் எங்கள் நிலையத்துக்கு நிறைய வரத் தொடங்கியிருந்தார்கள். பலர் ஊரில் சண்டையையும் சிறை வாசலையும் பார்த்துவிட்டுப் பெற்றோரோடு தஞ்சம் கேட்டு வந்தவர்கள். பயங்கரத்தைப் பார்த்த பிள்ளையின் மனம் எவ்வளவு நெருக்கடியில் இருக்கிறது என்று அறிய எங்களிடம் ஆங்கிலத்தில் ஒரு கேள்வித்தாள் இருந்தது. இரண்டு பக்கம். 'அந்த நாளைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவேன்' என்பது போன்ற வரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஒருபோதும் இல்லை' முதல் 'அடிக்கடி' வரை நான்கு கட்டங்கள். பிள்ளை ஒரு கட்டத்தில் × என்று புள்ளடி போடவேண்டும். இதைத் துருக்கிப் பிள்ளைகளுக்குப் பொருந்தும்படி ஆக்கவேண்டும் என்று எங்கள் தலைமை டொக்டரான ஆங்கிலப் பெண்மணி முடிவு செய்தார்.

மொழிபெயர்க்க வந்தவர் சைப்ரஸ்காரர். ஐம்பது வயதிருக்கும். பிள்ளைகள் அவரை 'அப்லா' என்பார்கள்; அக்கா என்று அர்த்தம். நானும் அப்படியே கூப்பிட்டேன். எங்களுடைய பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனால் என் நினைவில் எல்லாரும் யாழ்ப்பாணத் தமிழிலேயே பேசுகிறார்கள், அதற்கு நான் ஒன்றும் செய்ய ஏலாது.

அப்லா கையால் எழுதித் தருவார். நான் கணினியில் அடிப்பேன். மூலத்தைப் பார்க்காத வேறொருவர் அந்தக் கையெழுத்துத் தாளைத் திரும்ப ஆங்கிலமாக்குவார். இரண்டு ஆங்கிலத்தையும் டொக்டர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். நல்ல ஏற்பாடு. அதில் பழுதாகக்கூடிய ஒரே பாகம் நான்தான்.

துருக்கிக்காரர் எழுதுவது ஆங்கில எழுத்தில்தான் என்றாலும் சிலதற்கு வால் உண்டு. அதோடு 'ஐ' (i) என்கிற எழுத்து இரண்டு வகை: ஒன்றுக்குத் தலையில் புள்ளி இருக்கும், மற்றதற்கு இருக்காது. எங்கள் கணினியில் வாலும் இல்லை, புள்ளியில்லாத எழுத்தும் இல்லை. அச்சடித்த தாளில் வால்களை நான் கறுப்புப் பேனாவால் வரையவேண்டும். வேண்டாத புள்ளிகளை வெள்ளைத் திரவத்தால் அழிக்கவேண்டும். பிறகு பிரதி எடுக்கவேண்டும்.

ஒரு வாரம் அப்லா சைப்ரஸுக்குப் போனார். போகும்போது அழிக்க வேண்டிய புள்ளிகளுக்கெல்லாம் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டுத் தந்தார்.

"ஒண்டையும் விடாதை," என்றார். "புதன்கிழமை பிள்ளையளுக்குக் குடுக்கிற தாள்."

முதல் பக்கத்தை ஒழுங்காக முடித்தேன். இரண்டாம் பக்கத்தின் நடுவில் வெள்ளைப் போத்தல் காய்ந்துபோயிற்று. புதிது வாங்க மாடிப்படி இறங்கிக் கடைக்குப் போகவேண்டும், மழை. ஒரு புள்ளியில் என்ன இருக்கிறது என்று நினைத்து மிச்சத்தை அப்படியே விட்டேன். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மறந்ததற்காகப் பள்ளிக்கூடத்தில் உள்ளங்கை சிவக்கச் சிவக்க அடி வாங்கியவன் நான். தமிழில் புள்ளி வைத்தால் எழுத்தின் உயிர் போகும். துருக்கியில் என்ன போகும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மானம் போகும்.

புதன்கிழமை பின்னேரம் ஒரு சமூக மண்டபத்தில் ஒன்பது பிள்ளைகள் இருந்தார்கள். டொக்டர் பின்வரிசையில் குறிப்புப் புத்தகத்தோடு. நான் கழுத்துப்பட்டி கட்டிப் போயிருந்தேன். தாள்களைக் கொடுத்தேன். முதல் பக்கம் அமைதியாகப் போயிற்று. பக்கம் திருப்பிய கொஞ்ச நேரத்தில் ஒரு பிள்ளை தும்மியது போலச் சத்தம் வந்தது. பிறகு பக்கத்தில் இருந்த பிள்ளையிடமிருந்தும். பிறகு மேசை முழுவதும் குலுங்கத் தொடங்கியது. ஒருத்தி முகத்தைத் தாளால் மூடிக்கொண்டாள். பதினோராம் கேள்வி. மூலத்தில் அது 'மனம் புழுங்குகிறது' என்ற வரி.

பதினைந்து வயதிருக்கும் ஒரு பெண்பிள்ளை கையை உயர்த்தினாள்.

"அண்ணை, இந்தத் தாள் நீங்களோ செய்தது?"

"ஓம், நான்தான்," என்றேன். அப்லாவின் பெயர் அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை.

"அப்ப பதினோராவது உங்களுக்கும் நடக்கிறதோ?"

பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள், நான்தான் வழிகாட்டவேண்டும் என்று நினைத்தேன். எழுந்து நின்றேன்.

"ஓம், எனக்கும்தான். லண்டனுக்கு வந்த முதல் வருசம் ஒவ்வொரு நாளும். பஸ்ஸில போகேக்கையும். அக்கா வீட்டிலையும். இதில வெட்கப்பட ஒண்டுமில்லை."

"இப்பவும் நடக்கிறதோ?"

"இப்ப குறைவு. குளிர்காலத்தில மட்டும்."

ஒரு பையன் கதிரையோடு விழுந்தான். டொக்டர் புன்னகையோடு ஏதோ எழுதினார். ஊழியர் மனந்திறந்து பேசியதால் பிள்ளைகள் இறுக்கம் தளர்ந்தார்கள் என்று எழுதியிருந்ததைப் பிறகு நானே தட்டச்சு செய்தேன், பெருமையோடு.

திங்கட்கிழமை அப்லா வந்து தாளைப் பார்த்தார். இரண்டாம் பக்கத்தில் அவருடைய கண் நின்றது.

"இந்தப் புள்ளியளை நீ எடுக்கேல்லையோ?"

"வெள்ளை முடிஞ்சு போச்சு, அப்லா."

"புள்ளியோட வாசிச்சால் பதினோராவது துருக்கியில கெட்ட சொல்லு, தூஷணம், தம்பி. அதுவும் சும்மா தூஷணமில்லை. சொல்லுற ஆளுக்கே அது நடக்குதெண்டு சொல்லுற தூஷணம்."

நான் மெதுவாக, புதன்கிழமை எனக்கும் பிள்ளைகளுக்கும் நடந்த உரையாடலைச் சொன்னேன். குளிர்காலத்தையும் மறைக்கவில்லை. அப்லா கதிரையில் அமர்ந்து, கைலேஞ்சியை எடுத்து, கண்ணில் நீர் வடியும்வரை சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்தினார்.

"என்ன பாடுபட்டு வந்த பிள்ளையளெண்டு உனக்குத் தெரியும். போய் மன்னிப்புக் கேள். நானும் வாறன்."

அடுத்த புதன்கிழமை போனோம். கழுத்துப்பட்டி இல்லாமல் போனேன். புள்ளி அழிக்காத கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் திரும்ப ஒருமுறை சிரித்தார்கள். அது எனக்குச் சேரவேண்டியதுதான். அந்தப் பெண்பிள்ளை மட்டும் கேட்டாள்.

"அப்ப நீங்கள் அண்டைக்கு என்னத்தை நினைச்சுச் சொன்னனீங்கள்?"

மனம் புழுங்குவதைத்தான் என்றேன். பஸ்ஸின் மேல்தட்டில் இருந்தால் காரணமில்லாமல் மூச்சு முட்டும், மூன்று தரிப்பு முன்னாலேயே இறங்கி வேலைக்கு நடந்து போவேன் என்றேன். அக்காவுக்குக்கூட நான் சொல்லாதது அது. ஒரு தூஷணத்துக்குப் பதிலாக வாயிலிருந்து வந்துவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. "நானும் இறங்கிறனான்," என்றாள் அவள். பிறகு, அப்லா கொண்டுவந்த தாளை இழுத்துப் பதினான்காம் வரியில் விரலை வைத்தாள். "புள்ளியை விடுங்கோ. இதுதான் பிழை."

பதினான்கை ஒன்பது பேருமே வெறுமையாக விட்டிருந்தார்கள். அக்கறையில்லாமல் விட்டதாக நான் குறித்து வைத்திருந்தேன். நடந்ததற்குத் தானே காரணம் என்ற உறுத்தல் இருக்கிறதா என்று கேட்கும் வரி அது. அப்லா போட்ட சொல்லுக்குக் குற்றவாளி என்றும் பொருள் உண்டு.

"என்ரை அப்பா குற்றவாளியெண்டு எழுதின தாளோடதான் அவரைக் கொண்டுபோனவங்கள்," என்றாள். "நானும் குற்றவாளியெண்டு புள்ளடி போட்டு உங்களிட்டத் தாறதோ? நீங்கள் அதைத் தஞ்சக் கேசு பார்க்கிற ஹோம் ஒபிஸுக்குக் குடுத்தால்?"

என்னுடைய தஞ்ச விண்ணப்பத்தில் ஒவ்வொரு சொல்லையும், இது என்னை எங்கே கொண்டுபோய் விடும் என்று பத்துத் தரம் முகர்ந்து பார்த்தவன் நான். அந்த மண்டபத்தில் அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டியவன் நான் ஒருவன்தான். நானோ 'அக்கறையில்லை' என்று எழுதியிருந்தேன், அழகான எழுத்தில்.

அப்லாவின் முகமும் வாடிப்போயிற்று. "அப்ப எப்பிடி எழுதட்டும்?" என்று அவளையே கேட்டார்.

அவள் மற்றவர்களோடு கொஞ்ச நேரம் கதைத்தாள். "'அப்ப நான் வேறை மாதிரிச் செய்திருந்தால் எண்டு நினைப்பன்.' இப்பிடிக் கேளுங்கோ. இதுக்குப் பதில் சொல்லலாம்."

அப்லா அதைத் தாளில் எழுதிக் கொடுத்தார்; ஒன்பது பேரும் புள்ளடி போட்டார்கள். அது திரும்ப ஆங்கிலமாகி வந்தபோது மூலத்தைவிட்டு எங்கோ போயிருந்தது. டொக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. அப்லா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். "உங்கட வரிக்கு ஒன்பது வெறும் கட்டம். என்ரை வரிக்கு ஒன்பது பதில். எது வேணும்?" டொக்டர் ஒரு வாரம் யோசித்தார். பிறகு ஒத்துக்கொண்டார். அந்த வடிவம்தான் எங்கள் நிலையத்தில் பல வருடம் பாவனையில் இருந்தது.

டொக்டரின் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் எனக்கும் நன்றி சொல்லியிருந்தார்கள். அக்கா காட்டச் சொன்னார். காட்டினேன். கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.

"இதென்ன தம்பி, டைப் அடிச்சதுக்கோ நன்றி சொல்லியிருக்கினம்?"

அத்தான் பேப்பருக்குப் பின்னால் இருமினார். அதற்குப் பிறகு மரக்கறிக் கடையில் அக்கா என் வேலையைப் பற்றிப் பேசுவதில்லை.

அடுத்த வருடம் அதே கேள்வித்தாளைத் தமிழில் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. இந்த முறை என் சொந்த மொழி, நானே ராஜா. 'உள்ளக் கொதிப்பு', 'நினைவுப் பெருக்கு' என்றெல்லாம் இரண்டு மாதம் இழைத்தேன். புள்ளி ஒன்றும் தவறவில்லை. லூயிஷாமில் ஒரு சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் முதல் தாளைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒன்றிடம் கொடுத்தேன். அவள் வாசித்தாள், மறுபக்கம் திருப்பிப் பார்த்தாள், மரியாதையாகக் கேட்டாள்.

"அங்கிள், இங்கிலிஷில ஒண்டு இருக்கோ?"

இருந்தது. பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.