ஹேசல் அடிக்காத டிரம்ஸ்

ஹேசல் புரூம் ஹல் நகரத்து மீன் ஆலையில் வேலை பார்த்தாள். முதல் வருடச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு பழைய டிரம்ஸ் செட் வாங்கினாள். "டிரம்ஸ் இருக்கிறது, ஆட்கள் தேவை" என்று சிப்ஸ் கடைக் கண்ணாடியில் அவள் ஒட்டிய சீட்டைப் பார்த்துத்தான் நானும் கிரெக்கும் போனோம். எனக்குக் கிட்டாரில் மூன்று கார்டு பிடிக்கத் தெரியும். கிரெக்குக்குக் குரல் உண்டு, சுருதி மட்டும் அவன் இஷ்டம். இந்த லட்சணத்தில் இருந்த எங்களைத் தேற்றி, 'கோல்டு சிப்ஸ்', அதாவது ஆறிப்போன சிப்ஸ், என்று பெயரும் வைத்து, ஊர் ஊராக பப்களில் வாசிக்க வைத்தவள் அவள்தான்.

தொண்ணூற்றைந்தில் லண்டன் ரெக்கார்டு கம்பெனி ஒன்று பாட்டுப் பதிவுக்குக் கூப்பிட்டது. நான்கு நாளில் பதிவு முடிந்ததும் ஹேசல் ஷிஃப்டுக்கு நேரமாயிற்று என்று ஊர் திரும்பினாள். மறுநாள் தயாரிப்பாளர் எங்கள் இருவரையும் உட்கார வைத்தார். அவள் தாளம் நிலையாக நிற்கவில்லை, தேர்ந்த ஆள் ஒருவரை வைத்து மறுபடி அடித்துக்கொள்ளலாம், அவளிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்றார். கிரெக் என்னைப் பார்த்தான். நான் டீக் கோப்பையைப் பார்த்தேன். பிறகு இருவரும் தலையாட்டினோம். சொல்வதைத்தான் இன்று நாளை என்று தள்ளிக்கொண்டே போனோம். கோழைகள், வேறென்ன.

ஆலையில் ரேடியோ நாள் முழுக்க அலறும். எங்கள் பாட்டு வந்ததும் மேற்பார்வையாளர் மீன் ஓடும் பெல்ட்டையே நிறுத்தினாராம். பெண்கள் ரப்பர் கையுறையோடு கைதட்டினார்களாம். முதல் நான்கு அடியிலேயே அது தன் கை இல்லை என்று ஹேசலுக்குத் தெரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

"நல்லாத்தான்டா அடிச்சிருக்கான்," என்றாள். "எங்கிட்ட ஏன்டா சொல்லல? அத்தன பேரு முன்னாடி பல்ல இளிச்சுக்கிட்டு நின்னேன் தெரியுமா?"

"பயமா இருந்துச்சு ஹேசல்."

"எனக்கா பயந்த? லண்டன்காரனுக்குல்ல பயந்திருக்க."



விற்பனைப் பட்டியலில் பாட்டு பத்தொன்பதாம் இடத்துக்கு வந்தது. டிவியில் கூப்பிட்டார்கள். அங்கே யாரும் வாசிப்பதில்லை. ரெக்கார்டு ஓடும், நாம் வாசிப்பதுபோல நடிக்க வேண்டும். ஹேசல் வந்தாள், மேக்கப்பும் போட்டுக்கொண்டாள். மன்னித்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

பாட்டு ஆரம்பித்தது. அவள் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டாள். டிரம்ஸ் இடி இடித்தது. அவள் மூன்று நிமிடமும் அசையாமல் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிரவே ஊருக்குப் போனவள் பேண்டுக்குத் திரும்பவில்லை. ஆனால் காலையில் பத்திரிகைகள் எங்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடின. டிவியின் போலித்தனத்தைக் கிண்டல் செய்த துணிச்சல்காரர்கள் என்று எழுதின. அடுத்த வாரம் பாட்டு நான்காம் இடத்துக்கு ஏறியது.

யாருடைய யோசனை என்று ஒரு நிருபர் கேட்டார்.

"எல்லாரும் சேந்து பேசி வச்சதுதான்," என்றான் கிரெக்.

பக்கத்தில் இருந்த நான் சிரித்துக்கொண்டே ஆமாம் போட்டேன். நாங்கள் செய்ததை அவள் நாட்டுக்கே காட்டினாள். அதையும் அவளிடமிருந்து பறித்துக்கொண்டோம்.