எண்ணெய் தேய்த்தவன் குளித்த கதை

சித்தி மகன் கதிர் மறுபடியும் வேலையை விட்டுவிட்டான். ஆர்வம் வரவில்லையாம். வேறொரு கம்பெனி கொடுத்த வேலைக்கு இன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அருவியில் நின்றால் மனசு தெளியும் என்றான். சித்தி கெஞ்சியதால் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனேன்.

போனதும் அங்கே மசாஜ் செய்பவரிடம் தலைமுதல் கால்வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டான். பிறகு மெயினருவிக்கு முன்னால் வந்து நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

"உள்ள போயேம்லே."

"கூட்டம் கொறையட்டும்க்கா."

"சீசன்ல எங்கலே கொறையும்? இங்கன யாரும் வழிவிட மாட்டாவ, நாமதான் நுழையணும்."

"யாராச்சும் கூப்புட்டா போவேன்."

அதற்குள் தண்ணீர் கூடிவிட்டது. போலீஸ்காரர்கள் விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றினார்கள்.

தென்காசி பஸ்ஸில் எண்ணெய் வழிய உட்கார்ந்தான். பக்கத்திலிருந்தவர் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு எழுந்துபோனார்.

"பாத்தியாக்கா, எனக்கு மட்டும் எதுவுமே அமைய மாட்டேங்குது."

"அந்த வேலைக்கு என்னலே பதில்?"

"மனசு வரட்டும், பாப்போம்."

மாலை முடிந்துவிட்டது. மனசு வரவில்லை.

இப்போது எங்கள் வீட்டுக் குளியலறையிலிருந்து சீயக்காய் கேட்டுக் கத்திக்கொண்டிருக்கிறான். அது அவன் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

எடுத்துக் கொடுக்க ஆர்வமுள்ளவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.