சைராவின் கிடங்கும் சொல்லாத பெயரும்

2024 நவம்பர் 1 – 2,400 சோம்
2024 டிசம்பர் 1 – 2,400 சோம்
2025 ஜனவரி 1 – 2,400 சோம்
2025 பிப்ரவரி 1 – கட்டவில்லை
2025 மார்ச் 1 – கட்டவில்லை

தியூப் என்ற ஊரில் உள்ள விதை உருளைக்கிழங்குக் கிடங்கின் கணக்கு மென்பொருளுக்குக் கட்டிய மாதச் சந்தா இது. கிடங்கை நடத்துகிறவள் சைரா. நான் அங்கே கணக்கு எழுதுகிறவன். என்னைச் சித்தப்பா என்பாள்.

பத்தொன்பது வயதில் இந்த ஊருக்கு மருமகளாக வந்தாள். கணவன் ரஷ்யாவில் நோவோசிபிர்ஸ்க்கில் லாரி ஓட்டுகிறான். கூட்டுப்பண்ணை கைவிட்ட நிலவறையை மாமனார் பேரில் வாங்கி, குளிர்சாதனம் வைத்து, தனி ஆளாக நடத்தினாள். இலையுதிர்காலத்தில் ஊர்க்காரர்கள் விதைக் கிழங்கைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து வைப்பார்கள். ஏப்ரல் கடைசியில் எடுத்துப் போய் நடுவார்கள். பெட்டியில் எண் மட்டும்தான் ஒட்டியிருக்கும். எந்த எண் யாருடையது என்பது கணக்கில்தான் இருக்கும். பெயர் எழுதிய காலத்தில் நல்ல ரகம் வைத்திருப்பவனின் பெட்டியை மட்டும் யாராவது மாற்றி எடுத்துப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

எங்கள் வழக்கத்தில் மாமனார் பெயரை மருமகள் சொல்லக்கூடாது. எழுதவும் கூடாது. அவர் பெயர் தெமிர்பாய். தெமிர் என்றால் இரும்பு. அதனால் இரும்புக் கட்டிலைக்கூட சைரா 'கெட்டிக் கட்டில்' என்றுதான் சொல்வாள். அவரைச் சோங் அத்தா, அதாவது பெரிய அப்பா, என்று அழைப்பாள்.

2021 செப்டம்பரில் மென்பொருள் போட தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து ஒருவர் வந்தார். மாமியார் புர்மகான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"உரிமையாளர் பேர் சொல்லுங்க அக்கா," என்று சைராவிடம் கேட்டார்.

"சோங் அத்தா."

வந்தவர் சிரித்தார். "எங்க வீட்லயும் இதே கதைதான். எங்கப்பாவுக்கு என் பொண்டாட்டி வச்ச பேரு 'மீசை'." அப்படியே தட்டி முடித்தார். பிறகு திருத்திக்கொள்ளலாம் என்றார். எங்களில் யாருக்கும் அது உறுத்தவில்லை.

மென்பொருளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மறு வருடம் பனி உருகிய வெள்ளம் உள்ளே புகுந்தது. என் நோட்டுகள் கூழாகிவிட்டன. கணினியில் ஒரு எண் அழியவில்லை. குளிர் குறைந்தால் சைராவின் கைப்பேசி அலறும். கணவன் அங்கிருந்தே சரக்கைப் பார்த்துக்கொண்டான். கிழங்கு வைத்தவர்கள் அவரவர் பெட்டி எண்ணைத் தங்கள் கைப்பேசியிலேயே பார்த்தார்கள். நோட்டை நிறுத்திவிடலாமா என்று அவள் கேட்டபோது நானும் சரி என்றேன். இப்போது கேட்டாலும் அதையே சொல்வேனோ என்னவோ.

பக்கத்து வயல்காரர் முகாஷுக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது.

"உன் கணக்கு எந்த ஊர்ல இருக்கு, சைரா?"

"தெரியாதுண்ணே. எங்கயோ வெளிநாட்டுல."

"அப்ப ஏதாச்சும் ஆனா பஸ் ஏறிப் போயிக் கதவத் தட்டக்கூட முடியாது."

"உங்களுக்குப் பஸ்ஸுக்குக் காசு குடுக்க மனசு வராது. பேச வந்துட்டீங்க."

இடையில் மென்பொருள் நிறுவனத்தை வெளிநாட்டுக்காரர்கள் வாங்கிவிட்டார்கள். பிஷ்கெக் அலுவலகம் மூடப்பட்டது.

2025 ஜனவரி 11 அன்று தெமிர்பாய் இறந்தார். அவர் பேரில் இருந்த வங்கி அட்டையில்தான் சந்தா போய்க்கொண்டிருந்தது. வங்கி அந்த அட்டையை முடக்கியது. பிப்ரவரியில் மென்பொருள் பூட்டிக்கொண்டது. சைரா தன் அட்டையால் கட்டப் பார்த்தாள். உரிமையாளர் மட்டுமே அட்டையை மாற்ற முடியும் என்று திரை சொன்னது. பெட்டி எண்கள் எல்லார் கைப்பேசியிலிருந்தும் மறைந்தன. உரிமையாளர் யார் என்று நிரூபிக்காவிட்டால் பதிவுகள் நீக்கப்படும் என்று கடிதம் வந்தது.

மார்ச் 20 அன்று நிறுவனத்திலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. ரஷ்ய மொழி பேசிய பெண், மரியாதையானவள்.

"சோங் அத்தா என்பவர் யாருங்க?"

"எங்க வீட்டுக்காரரோட அப்பா. இறந்துட்டார்."

"இறப்புச் சான்றிதழ் காட்டுங்க." காட்டினாள். "இதுல வேற பேரு இருக்கே."

"ரெண்டும் ஒரே ஆள்தான்மா."

"அவர் பேரை நீங்களே ஒரு தடவை சொல்லுங்க. அழைப்பு பதிவாகுது."

சைரா மாமியாரைப் பார்த்தாள். நான் சொல்கிறேன் என்றேன். சம்பந்தப்பட்டவர்தான் சொல்ல வேண்டும் என்றாள் அந்தப் பெண். தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, வந்து பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக, சைரா சொன்னாள்:

"தெமிர்பாய்."

புர்மகான் எழுந்து வெளியே போனார். அன்றிலிருந்து மருமகள் கையால் தேநீர் வாங்குவதில்லை.

"மன்னிக்கணும். எங்க பதிவுல அப்படி ஒருத்தர் இல்ல," என்றாள் அந்தப் பெண். மேலிடத்துக்கு எழுதிப் பார்க்கச் சொன்னாள். எழுதினோம், இரண்டு முறை.

ஏப்ரல் பிறந்ததும் மலையடிவாரத்தில் பனி விலகத் தொடங்கியது. பெட்டிகளில் கிழங்கு முளை விட்டிருந்தது. ஆட்கள் காலையிலேயே வந்து வாசலில் நிற்பார்கள். யாரும் சத்தம் போடவில்லை. முதலில் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருந்தவர்கள், பிறகு அதையும் நிறுத்திவிட்டார்கள்.

முகாஷ்தான் உள்ளே வந்தார். "நீ எதைத் தூக்கிக் குடுத்தாலும் நான் வாங்கிக்குவேம்மா. உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா என் கிழங்கு எவன் வயல்லயாச்சும் முளைச்சு நான் பாத்தேன்னு வையி, அப்புறம் நடக்கிறதுக்கு நான் பொறுப்பில்ல. வெளிய நிக்கிற எல்லாரும் இதத்தான் நெனச்சுட்டிருக்காங்க."

சைரா கிடங்குச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு, கணினி முன் உட்கார்ந்தாள்.

பதிவுகள் நிரந்தரமாக நீக்கப்பட்டன என்ற கடைசிக் கடிதம் வந்தது 2025 ஏப்ரல் 14, திங்கட்கிழமை.