கையெழுத்து வைக்காத அக்கா

என் அக்காவைப் பற்றி எழுதும்போது பெருமை கொஞ்சம் கூடித்தான் போகும். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

நாங்கள் இருவரும் எத்தாளையிலிருந்து பஸ்ஸில் போய், கற்பிட்டி வீதியிலிருந்த ஒரு நண்டுத் தொழிற்சாலையில் ஏழு வருடம் வேலை செய்தோம். அவித்த நண்டை உடைத்துச் சதை எடுக்கிற வேலை. எங்கள் மேசையில் தில்லையடியைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெண்ணும் இருந்தார். சிறுபிள்ளையாக மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். எங்களுக்கு மூத்தவரானபடியால் ராத்தா என்றே கூப்பிடுவோம்.

நண்டு அவிக்கிற கிடாரத்தின் இரும்புக் கால் ஒன்று வெடித்திருந்தது. பல தடவை சொல்லியும் ஒருவரும் திருத்தவில்லை. ஒரு காலை சுப்பர்வைசர் வந்து, கூடை தூக்க ஆள் போதாதென்று ராத்தாவைக் கூப்பிட்டார். அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் கிடாரம் சரிந்தது. கொதிதண்ணீர் இரண்டு காலிலும் முழங்கால்வரை ஊற்றுப்பட்டது.

மூன்றாம் நாள் சுப்பர்வைசர் ஒரு கடதாசியைக் கொண்டுவந்தார். ராத்தா ஒருவரும் கூப்பிடாமல், தன் பாட்டில் அங்கே போய் விழுந்ததாக அதில் எழுதியிருந்தது. எல்லாரும் கையெழுத்து வைத்தார்கள். நானும் வைத்தேன். வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் வைத்தேன்.

அக்கா வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"அவவை நீங்கதானே கூப்பிட்டீங்க, அண்ணன். நான் பக்கத்தில இருந்து கேட்டனான்."

"தங்கச்சி, வீட்டில ரெண்டு பேரும் இஞ்சதான் வேலை. யோசிச்சுக் கதையுங்க."

"ஓம், யோசிச்சிட்டன்" என்றாள்.

ராத்தாவின் வீட்டார் முறைப்பாடு கொடுக்க, தொழில் கந்தோரில் விசாரணை நடந்தது. அக்கா ஞாயிறு பூசைக்கு உடுக்கிற சேலையை உடுத்துக்கொண்டு தனியாகச் சாட்சி சொல்லப் போனாள். அவள் தமிழில் சொல்ல, ஒரு கிளாக்கர் அதை அதிகாரிக்குச் சிங்களத்தில் சொன்னாராம். நிறுவனம் எங்கள் கையெழுத்துகளைக் காட்டியது. விசாரணையை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போட்டார்கள். மறுநாள் தொழிற்சாலை வாசலில் காவலாளி அக்காவை மறித்து, இனி வரத் தேவையில்லை என்றான். அவள் திரும்பி பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தாள். நான் உள்ளே போனேன்.

அதன் பிறகு அவள் வெங்காயத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனாள். என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

கிறிஸ்து அரசர் திருநாள் வந்தது. அன்று பூசையில் வேத வாசகம் வாசிக்கிற முறை அக்காவுடையது. சுப்பர்வைசரும் எங்கள் கோயில் பங்குதான். குடும்பத்தோடு முன் வாங்கில் இருந்தார். ஒருநாளும் அழியாத ஓர் அரசைப் பற்றிய வாசகம் அது. அக்கா அவரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நிறுத்தி, தெளிவாக, தனக்கு நன்றாகத் தெரிந்த ஊரைப் பற்றிச் சொல்வதுபோல வாசித்தாள். சிறுவயதிலிருந்து கேட்ட வாசகம்தான். அது நடக்கப்போகிற விஷயம் என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது.

வீட்டுக்கு வந்து குசினியில் கேட்டேன்.

"ராத்தாவுக்கும் ஒண்டும் கிடைக்கேல்ல, உன்ர வேலையும் போச்சு. உனக்குக் கவலை இல்லையா?"

அவள் பாண் வெட்டிக்கொண்டிருந்தாள். "கவலைதான். ஆனா ஆண்டவருடைய ராச்சியம் வரோணும் எண்டு நாளும் செபிக்கிறம். அங்க ஒரு ஏழையையும் பொய் சொல்லி ஏமாத்த ஏலாது. அது முடியிற ராச்சியமும் இல்ல. அப்பிடி ஒரு இடத்துக்குப் போகப்போறவள், இந்தக் கடதாசிக்கு ஏன் பயப்படோணும்?"

"நான் பயந்திட்டன், அக்கா."

"தெரியும். விசாரணை இன்னும் முடியேல்லத்தானே."

அவ்வளவுதான் சொன்னாள். வெட்டிய பாண் துண்டுகளைத் தட்டில் எனக்கு முன்னால் வைத்தாள்.

அடுத்த விசாரணைக்கு நானும் போனேன். கதிரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "இது என்ர கையெழுத்து. எழுதியிருக்கிறது பொய். அது தெரிஞ்சுதான் வச்சனான். வேலை போயிடும் எண்டு பயம்." அதிகாரி கிளாக்கரைப் பார்த்தார். அவர் சிங்களத்தில் சொல்லி முடித்ததும் அதிகாரி பேனையைக் கீழே வைத்துவிட்டு, முதலிலிருந்து சொல்லச் சொன்னார். முதலிலிருந்து சொன்னேன். வெளியே வந்தபோது, எங்கள் மேசைக்கு எதிரே வேலை செய்யும் இரண்டு பெண்கள் உள்ளே போகக் காத்திருந்தார்கள்.

ராத்தாவின் வைத்தியச் செலவைத் தொழிற்சாலையே ஏற்க வேண்டுமென்று தீர்ப்பு வந்தது. அக்காவின் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. எனதும் போனது. ராத்தா இப்போதும் ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறார். கிடைத்தது பாதி நீதிதான். மீதியை நான் எங்கே எதிர்பார்க்கிறேன் என்று இப்போது எனக்குத் தெரியும்.

தீர்ப்புக்குப் பிறகு தில்லையடிக்கு அவரைப் பார்க்கப் போனோம். ராத்தா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இஞ்ச நீ எனக்குச் சாட்சி சொன்னாய். மறுமையில அல்லாஹ்வுக்கு முன்னால நான் உனக்குச் சாட்சி சொல்லுவன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உனக்கும்தான்" என்றார்.

அக்கா வெட்கப்பட்டு முந்தானையைச் சரிசெய்தாள். எனக்கு வெட்கமே வரவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆசனம் இருந்தும் நான் எத்தாளைவரை நிமிர்ந்து நின்றுகொண்டே வந்தேன்.